எக்செல் வரைபடத்துக்குள் இருந்த பெயர்

தமிழ்நாட்டில் விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரமும் நிலத்தடி நீர் இறங்குவதும் பற்றிய எங்கள் கட்டுரையை, எழுதியவர் யாரென்று தெரியாதபடி மதிப்பாய்வு செய்யும் ஒரு ஆய்விதழ், மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் 'ஆசிரியர் அடையாளம் தெரிகிறது' என்று திருப்பிக்கொண்டே இருந்தது. முகப்புப் பக்கம், நன்றியுரை எல்லாம் எடுத்தாயிற்று. 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்பதைப் படர்க்கைக்கு மாற்றினோம். கோப்பில் மறைந்திருக்கும் சொந்த விவரங்களைத் தேடி நீக்கும் வேர்டின் டாக்குமென்ட் இன்ஸ்பெக்டரையும் ஓட்டியாயிற்று. பலனில்லை.

அப்புறம் கோப்பின் நகல் ஒன்றில் .டாக்எக்ஸ் என்ற பின்னொட்டை .ஜிப் என்று மாற்றித் திறந்தேன். உள்ளே வேர்டு, அதற்குள் எம்பெடிங்ஸ் என்ற ஃபோல்டர். கிணற்று ஆழ வரைபடத்தை 'எம்பெட் ஒர்க்புக்' முறையில் ஒட்டியிருந்ததால் மொத்த எக்செல் கோப்பும் அங்கே இருந்தது, அதன் ப்ராப்பர்ட்டீஸில் என் பெயர். அதைவிட மோசம், பக்கத்து ஷீட்டில் கணக்கெடுப்பில் பேசிய விவசாயிகளின் பெயர்களும் இருந்தன. பெயர் வெளியே வராது என்று சொல்லித்தான் அவர்களிடம் தகவல் வாங்கினோம், அதனால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

எல்லா வரைபடங்களையும் அழித்துவிட்டு, பேஸ்ட் ஸ்பெஷலில் படமாக ஒட்டினேன். மறுபடி ஜிப்பாகத் திறந்தால் அந்த ஃபோல்டரே இல்லை. இந்த முறை கட்டுரை மதிப்பாய்வுக்குப் போய்விட்டது, நிம்மதி.