மைனஸ் முப்பதில் பழைய கார்: பலரும் செய்யும் தவறுகள்

வின்னிபெக், ரெஜைனா, எட்மன்டன் போன்ற கனடிய ஊர்களுக்குப் புதிதாக வருபவர்கள் பலர் முதலில் வாங்குவது பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார்தான். கோடையில் அதில் ஒரு குறையும் தெரியாது. ஜனவரியில் குளிர் மைனஸ் 30-ஐத் தொட்டதும், சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பிறகு காலை அவசரத்தில் செய்கிற காரியங்கள் காரை இன்னும் கெடுக்கின்றன. வண்டி கிளம்புமா என்பது பெரும்பாலும் முந்தின இரவே முடிவாகிவிடுகிறது. அதனால் இரவிலிருந்தே தொடங்குவோம்.

அந்த ஊர்க் கார்களின் முன்புறத்தில் ஒரு மூன்று முனை பிளக் தொங்கும். பிளாக் ஹீட்டரின் பிளக் அது. இன்ஜினுக்குள் இருக்கும் கூலன்ட்டை (இன்ஜின் வெப்பத்தைக் கடத்தும் திரவம்) சூடாக்கி, இன்ஜினை உறையாமல் வைத்திருக்கும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலுள்ள கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் இப்படியொரு ஹீட்டருக்கு 1949-ல் காப்புரிமை பெற்றார். பிளக் இருக்கிறது, ஆகவே ஹீட்டரும் வேலை செய்யும் என்று நம்புவதுதான் முதல் தவறு. பழைய காரில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துபோயிருக்கலாம், வயரில் வெடிப்பு விட்டிருக்கலாம். நவம்பரிலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டிச் சோதித்துவிடுங்கள். கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போது செருகுவதும் வீண். மூன்று நான்கு மணி நேரமாவது ஓட வேண்டும். அதற்காக இரவு முழுக்க ஓடவிடத் தேவையில்லை, ஒரு டைமர் போதும். வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை மட்டும் மாட்டாதீர்கள். அது சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

அடுத்தது பேட்டரி. மைனஸ் 18-ல் அது கோடையில் தரும் சக்தியில் பாதிகூடத் தராது. அதே நேரத்தில் கெட்டியான ஆயிலைச் சுழற்ற இன்ஜின் கூடுதல் சக்தி கேட்கும். 'போன வருடம் ஓடியதே' என்று ஐந்தாறு வயதான பேட்டரியோடு குளிர்காலத்துக்குள் போவது வம்பு. ஐந்து நிமிடத் தூரத்துக்கு மட்டுமே வண்டி ஓட்டினால், ஸ்டார்ட் செய்ய இழந்த சார்ஜ் திரும்ப ஏறாது. நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி மைனஸ் 50-லும் உறையாது. முழுக்க இறங்கிப்போனதோ மைனஸ் 10-க்கு முன்பே உறைந்துவிடும். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தால், இன்னொரு காரின் பேட்டரியோடு இணைக்கும் ஜம்ப் கேபிளைத் தொடவே வேண்டாம். உறைந்த பேட்டரிக்குள் மின்சாரம் செலுத்தினால் அது வெடிக்கலாம்.

சாவியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் வழக்கமான தவறு. பத்து விநாடிக்கு மேல் போகாதீர்கள். கிளம்பவில்லையா, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆற ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். இன்னும் பழைய கார்புரேட்டர் வண்டியில் சோக் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் மூடி) விழுவதற்காக ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை முழுக்க மிதித்து விடுவது சரி. பெட்ரோலைத் தானே அளந்து தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டியதில்லை. கியர் மாற்றும் வண்டி என்றால் கிளட்ச்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கியர்பாக்ஸில் உறைந்து கிடக்கும் ஆயிலையும் சேர்த்துச் சுழற்றும் வேலை குறையும்.

'பழைய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது' என்று சொல்பவர்கள் உண்டு. இந்தக் குளிரில் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-30, 0டபிள்யூ-30 என்று எழுதியிருக்கும் இரண்டு வகையும் சூடானபின் ஒரே தரம்தான். குளிரில்தான் வித்தியாசம்: முன்னது மைனஸ் 30 வரையிலும் பின்னது மைனஸ் 40 வரையிலும் பம்ப் ஆக வேண்டும் என்பது தர அளவுகோல். கையேடு அனுமதித்தால் மெல்லியதற்கு மாறுங்கள்.

கூலன்ட்டில் நடக்கும் தவறு இதற்கு நேர்மாறானது. தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் இன்னும் நன்றாகத் தாங்கும் என்று நினைக்கிறார்கள். கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் சுமார் மைனஸ் 13-லேயே உறையும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும், கூலன்ட் அறுபது, தண்ணீர் நாற்பது என்றால் மைனஸ் 50-ஐ நெருங்கும். இந்தக் கணக்குக்கு வானிலை அறிக்கையின் விண்ட் சில் எண்ணை (காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர்) பார்த்துப் பயப்படத் தேவையில்லை. காற்று எவ்வளவு வீசினாலும், வெளியே மைனஸ் 30 என்றால் கார் அதற்குக் கீழே குளிராது. சீக்கிரம் அந்த நிலைக்கு வரும், அவ்வளவுதான்.

இரவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் பழைய கேபிள் ஈரத்தில் உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விடுவதே நல்லது. கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆனபின் இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவது பலருக்குப் பழக்கம். கண்ணாடி தெளியும் வரை சில நிமிடம் போதும், பிறகு முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினாலே இன்ஜின் வேகமாகச் சூடேறும். நின்றபடி ஓடும் இன்ஜினில் பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலக்கின்றன. ஆயில் மூடியின் அடியில் பால் நிறத்தில் பிசுபிசுப்பு தெரிந்தால், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். அந்த ஈரம் கிராங்க்கேஸின் (இன்ஜினின் அடிப்பகுதி அறை) காற்றோட்டக் குழாயில் உறைந்து அடைத்தால், உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் கசியாமல் தடுக்கும் சீலைப் பிதுக்கிவிடும்.

ஸ்டார்ட் செய்வதற்குமுன் கராஜ் கதவை முழுக்கத் திறந்து, வண்டியைத் தாமதிக்காமல் வெளியே எடுங்கள். வெளியே நிற்கும் வண்டி என்றால் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய பனியை முதலில் அள்ளிவிடுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்ஸைடு காருக்குள் வரும், அதற்கு வாசனை கிடையாது. சாலை உப்பு அரித்து எக்ஸாஸ்ட் ஓட்டையாகியிருக்கும் பழைய காரில் பனி இல்லாமலேயே இது நடக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது தலை வலித்தாலோ கிறுகிறுத்தாலோ உடனே இறங்கிவிடுங்கள். எக்ஸாஸ்டைச் சரிபார்க்காமல் அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.