மிஸ்ஸிங் அடிக்கும் கார்: பிளக்கை மட்டும் மாற்றி ஏமாந்த கதை, சரிசெய்யும் முறையோடு

போன கார்த்திகைக்குக் குன்றக்குடி போகும்போதுதான் கவனித்தேன். முன்னால் டவுன் பஸ். தாண்டலாம் என்று நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி இழுக்காமல் தும்முகிறது. பின்சீட்டில் ஆத்தா, "ஏன் ராசா, மாட்டுவண்டி மாதிரி குலுக்குது?" என்றார்கள். என்னுடையது மூணு சிலிண்டர் பெட்ரோல் கார், 2014 மாடல். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவதைத்தான் மிஸ்ஸிங் என்பது. மூணில் ஒன்று படுத்துவிட்டால் பாதி உயிர் போன மாதிரிதான். எனக்கு ஒரு மாதம் பிடித்தது. உங்களுக்கு ஒரு காலை நேரம் போதும்.

முதலில் இன்ஜின்தானா என்று பாருங்கள்

மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் ஸ்லிப். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். மிதிக்கும்போது குதித்துக் குதித்துப் போனால் மேற்கொண்டு படியுங்கள்.

ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துச் செம்மண் புழுதிக்கு அது சீக்கிரமே செங்கல் நிறமாகிவிடும். அதனால் மொத்த இழுவை குறையுமே தவிர, இப்படி வெட்டி வெட்டி இழுக்காது.

ஸ்கேனர்

ஸ்டியரிங்குக்குக் கீழே, இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் ஒரு புளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனில் ஆப் போட்டால் பழுதைச் சொல்லும் எண் (கோடு, code) வரும். பிளக் ஸ்பேனருக்கு அடுத்து இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஊகத்தில் பார்ட்ஸ் மாற்றுகிற செலவில் நாலு ஸ்கேனர் வாங்கலாம்.

எனக்கு வந்த கோடு பி0302. கடைசி எண்தான் சிலிண்டர். 0301 என்றால் ஒன்று, 0302 என்றால் இரண்டு. 0300 என்றால் எந்த சிலிண்டர் என்று நிலையாகச் சொல்லவில்லை என்று பொருள். பெரும்பாலான சின்ன கார்களில் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும்.

இன்ஜின் விளக்கு எரிவதற்குப் பதில் விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அது பெரிய செலவு.

மாற்றிப் போட்டுப் பார்ப்பது (நான் சறுக்கிய இடம்)

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சாவி ஆஃப். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் அதன் பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது காயிலை ஒன்றாவதிலும், ஒன்றாவதை இரண்டாவதிலும் போடுங்கள். பழைய கோடு எண்ணை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். பள்ளத்தூர் தாண்டிக் கானாடுகாத்தான் பக்கம் காலை ஆறு மணிக்கு ரோடு காலியாக இருக்கும். நாலாவது கியர், நாற்பது கிலோமீட்டர், நன்றாக மிதியுங்கள். இப்போது கோடு 0301 ஆனால் குற்றம் காயிலோடு போயிருக்கிறது. 0302 ஆகவே நின்றால் அடுத்து பிளக்கை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருள். நான் என்ன செய்தேன்? திறந்ததுதான் திறந்தோம் என்று காயிலையும் பிளக்கையும் சேர்த்தே இடம் மாற்றினேன். கோடும் கூடவே போனது. எது கெட்டது என்று எப்படித் தெரியும்? பிளக் பழசாக இருந்ததால் அதை மட்டும் புதிதாகப் போட்டேன். இரண்டு நாள் வெண்ணெய் மாதிரி ஓடியது. மூணாம் நாள் அதே தும்மல்.

கோபத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புதுக் காயில் வாங்கிப் போட்டேன். சரியாகிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பழைய பிளக்கைக் குப்பையில் போடுமுன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. பழைய காயிலின் அடியில் பிளக்கை மூடும் ரப்பர் உறைக்குள் (பூட், boot) டார்ச் அடித்தால் அதே இடத்தில் அதே கோடு.

நடந்தது இதுதான். அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். பிளக் நுனியில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் தேங்கினால் வரப்பில் எலிப்பொந்தைத் தேடுகிற மாதிரி, கரண்ட் பீங்கானின் வெளிப்பக்கமாகவே இறங்கிவிடுகிறது. போன வழி கரிக்கோடாக நிற்கும். புது பிளக் போட்டாலும் ரப்பரில் பழைய தடம் இருக்கிறதே! அது புதுப் பீங்கானிலும் கோடு போட்டுவிடும். பிளக்கும் ரப்பர் உறையும் சேர்ந்துதான் மாற வேண்டும். என் பழைய காயிலில் இருநூறு ரூபாய்க்குப் புது பூட் மாட்டினேன். இன்றுவரை ஓடுகிறது.

பிளக் கழற்றும்போது

காயிலை எடுத்ததும் பிளக் குழியைச் சைக்கிள் பம்பால் ஊதுங்கள். செம்மண் உள்ளே விழுந்தால் நேரே சிலிண்டருக்குத்தான் போகும். புதியதை முதலில் கையாலேயே சுற்றுங்கள். ஸ்பேனரில் ஆரம்பித்தால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். வாஷர் உட்கார்ந்த பிறகு எவ்வளவு இறுக்குவது என்று பிளக் டப்பாவிலேயே படம் இருக்கும், பெரும்பாலும் அரைச் சுற்றையொட்டி. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. பிளக் கழற்றும் மெல்லிய சாக்கெட் ஸ்பேனர் வாங்கும்போது உள்ளே ரப்பரோ காந்தமோ இருப்பதாகப் பாருங்கள், பிளக் நழுவாது.

பின்சேர்க்கை 1: "பீங்கான் அடியில், இரும்பை ஒட்டி, பழுப்பு வளையம் இருக்கிறதே, அதுதானா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை. வோல்டேஜைச் சுற்றிப் படிகிற எண்ணெய்த் தூசு அது, தொந்தரவு செய்யாது. நீங்கள் தேடுவது மேலிருந்து கீழே ஓடும் கோடு.

பின்சேர்க்கை 2: தேவகோட்டையிலிருந்து ஒருவர் எழுதியது. பழைய வீட்டுப் பின்கட்டில் மூணு மாதம் நின்ற கார், இழுவையே இல்லை, கோடும் இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி கூடு கட்டியிருந்ததாம். பூட்டிக் கிடக்கிற வீட்டில் வண்டி நிறுத்துகிறவர்கள் அதையும் ஒயரையும் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

பின்சேர்க்கை 3: டீசல் கார்க்காரர்கள் காயிலைத் தேட வேண்டாம். அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஹீட்டர் பிளக் வேறு சங்கதி.