ஏற்காட்டு மூடுபனிப் படங்களை ரா கோப்பிலிருந்து ஜேபெக்காக மாற்றிய விதம்
ஏற்காட்டின் பகோடா பாயின்ட்டிலிருந்து நான் எடுத்த மூடுபனிப் படங்கள் ரா கோப்புகளாக (கேமரா பதிவுசெய்த, இன்னும் பதப்படுத்தாத தரவாக) இருந்ததால், சேலத்து உறவினர்களின் கைபேசிகளில் அவை திறக்கவில்லை. டார்க்டேபிள் என்னும் இலவச மென்பொருளில் அவற்றை ஜேபெக்காக மாற்றினேன். 14 பிட் ரா கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிநிலைகள் வரை கொள்ளும்; ஜேபெக்கில் 256 மட்டுமே என்பதால், வெளிச்சத்தையும் வெண்சமநிலையையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சீராக்குவது) மாற்றத்துக்கு முன்பே திருத்திவிட வேண்டும். இல்லையெனில் பனியின் மெல்லிய சாயல்கள் பட்டை பட்டையாக உடைந்துவிடக்கூடும். மலைப் படங்களில் இதைவிட வருத்தம் தருவது வேறில்லை. நிறவெளியை, அதாவது படம் காட்டக்கூடிய நிறங்களின் வரம்பை, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி என்றும், தரத்தை 100-க்கு 90 என்றும் வைத்தேன். அதைவிட விரிந்த நிறவெளியான அடோபி ஆர்ஜிபியில் சேமித்தால், கோப்பிலுள்ள நிறவெளிக் குறிப்பைப் படிக்காத செயலிகளில் பச்சைச் சரிவுகள் வெளிறித் தெரியும். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கிவிடும் என்பதால், ஆவணமாகவே அனுப்பினேன்.