பாலேயும் பிலாட்டீஸும் சேரும் இடத்தில் முட்டி வலிப்பது ஏன்?

குதிகால்களைச் சேர்த்து, விரல்களை இரு பக்கமும் விரித்து நிற்பது பாலே நடனத்தின் முதல் நிலை. பாலேயும் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறையும் கலந்த வகுப்பில் சேரும் பெண்கள் முதல் தவறைச் செய்வதும் பெரும்பாலும் இங்கேதான். டீச்சரின் பாதங்கள் கண்ணாடியில் நேர்கோடாக விரிந்திருக்கும். அதைப் பார்த்து நாமும் பாதத்தைத் திருப்பி வைத்துவிடுகிறோம். பாதம் திரும்பிவிடும், முட்டி திரும்பாது.

அந்தத் திருப்பம் இடுப்புக் குழிக்குள் தொடை எலும்பு சுழல்வதால் வர வேண்டியது. குழியின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. பெரியவர்களான பிறகு எவ்வளவு பயிற்சி செய்தாலும் எலும்பு மாறப்போவதில்லை. இடுப்பு தராததைப் பாதத்திலிருந்து வலிந்து எடுத்தால் முட்டி முறுக்கிக்கொள்ளும், உள்ளங்கால் வளைவு சரியும். வீட்டிலேயே சோதிக்கலாம். சமையல் மேடையைப் பிடித்தபடி பாதங்களை நேராக வைத்து நில்லுங்கள். எடையைக் குதிகாலுக்குக் கொண்டுவந்து, தொடையோடு சேர்த்து முழுக்காலையும் வெளிப்பக்கம் திருப்புங்கள். எங்கே நிற்கிறதோ, அதுதான் உங்கள் அளவு. இப்போது மெதுவாக முட்டியை மடக்குங்கள். முட்டி இரண்டாவது விரலுக்கு நேராகப் போனால் சரி. கட்டைவிரலைத் தாண்டி உள்ளே சாய்ந்தால் பாதங்களின் விரிப்பைக் குறையுங்கள். குறைந்த விரிப்பிலும் தொடையும் பிட்டமும் நன்றாகவே வேலை செய்யும்.

இந்தக் கலவை பிறந்ததே ஒரு காயத்திலிருந்துதான். ஜெர்மனியில் பிறந்த நடனக் கலைஞர் லோட்டே பெர்க், முதுகில் அடிபட்ட பிறகு பாலே அசைவுகளோடு முதுகைத் தேற்றும் பயிற்சிகளைச் சேர்த்து, 1959இல் லண்டனில் வகுப்பு தொடங்கினார். பிலாட்டீஸ் முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸும் நியூயார்க்கில் காயம்பட்ட பாலே கலைஞர்களைத் தேற்றியவர். உடம்பைச் சரிசெய்ய வந்த பயிற்சியில் நாம் முட்டியைக் கெடுத்துக்கொள்ளவே கூடாது.

அடுத்த தவறு, வகுப்பு முழுக்க இடுப்பை முன்பக்கமாகச் சுருட்டியே வைத்திருப்பது. கீழ்முதுகுக்கு இயல்பாக ஒரு சிறு வளைவு உண்டு, அது இருக்கட்டும். மூச்சையும் அடக்க வேண்டாம்; கஷ்டமான அசைவில் வெளியே விடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சேர்பவர்கள், தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் கூம்பு மாதிரி மேடு எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் அந்த அசைவை விட்டுவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை உருட்டி எழும் பயிற்சிகளை டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

தசை நடுங்குவது சாதாரணம். மூட்டில் குத்தினால் அங்கேயே நிறுத்துங்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, இந்த வகுப்பை மட்டுமே நம்பியிருப்பது. கால் தசையின் தாங்குதிறன், சமநிலை, நடு உடம்பின் பலம் ஆகியவற்றுக்கு இது நல்ல பயிற்சி. ஆனால் வாரம் 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் இதயத்துக்கு வேலை வேண்டும், அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே வேகநடையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும். அந்த வயதை நெருங்குபவர்களுக்கு, வகுப்பில் தரும் ஒரு கிலோ டம்பெல் போதாது. படிப்படியாக எடையைக் கூட்டித் தூக்கப் பழகுங்கள்.