அச்சுக்குப் படம் அனுப்பும் முன் தெரிந்திருக்க வேண்டிய கலைச்சொற்கள்

ஒரு படம் அச்சுக்குத் தகுதியானதா என்று அறிய, கோப்பின் பண்புகளில் தெரியும் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) எண்ணைப் பார்த்துப் பயனில்லை. அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல்கள், அதாவது படத்தை ஆக்கும் நுண் நிறக்கட்டங்கள், உள்ளன என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பிக்சலுக்கென்று நிலையான அளவு கிடையாது. அச்சாகும் அளவை முடிவு செய்த பிறகுதான் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்கள், அதாவது பிபிஐ எவ்வளவு, என்று சொல்ல முடியும். 3000 பிக்சல் அகலமுள்ள படத்தை 10 அங்குலத்தில் அச்சிட்டால் 300 பிபிஐ. அதையே 30 அங்குலத்துக்கு விரித்தால் 100 பிபிஐ மட்டுமே.

மென்பொருளில் பிபிஐ எண்ணை 72 என்பதிலிருந்து 300 என மாற்றிவிட்டால் படம் தெளிவாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் ‘ரீசாம்பிள்’ தேர்வை நீக்கிவிட்டு மாற்றினால் அச்சளவு சுருங்குமே தவிரப் பிக்சல்கள் கூடுவதில்லை. தேர்வை வைத்துக்கொண்டு மாற்றினால், அண்டையிலுள்ள பிக்சல்களிலிருந்து ஊகித்து மென்பொருள் புதியவற்றை நிரப்பும், ஆனால் படம்பிடித்தபோது பதிவாகாத நுணுக்கம் அதனால் வந்துவிடாது.

இந்த 300 என்ற எண் எங்கிருந்து வந்தது? அச்சகங்களில் தகடு கொண்டு அச்சிடும் ஆஃப்செட் முறையில் வெளிர்மையை மையின் அடர்த்தியைக் குறைத்துக் காட்ட முடியாது. புள்ளிகளைச் சிறிதாக்கியே காட்ட வேண்டும். இது ஹாஃப்டோன். அப்புள்ளி வரிசைகள் ஓர் அங்குலத்தில் எத்தனை என்பதே எல்பிஐ. படத்தின் பிபிஐ இதைப்போல் இரு மடங்கு இருந்தால் போதும் என்பது பழகிய விதி. வழவழப்பான தாளில் 150 எல்பிஐ வழக்கமாதலால் 300 பிபிஐ கேட்கிறார்கள். மையை உறிஞ்சிப் புள்ளியைப் பரப்பிவிடும் செய்தித்தாளில் 85 முதல் 100 எல்பிஐ என்பதால் 200 பிபிஐ தாராளம். டிபிஐ என்பது இவ்விரண்டும் அன்று. அச்சுக் கருவி ஓர் அங்குலத்தில் இடக்கூடிய நுண்புள்ளிகளின் எண்ணிக்கையே அது.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் காட்டுவது ஆர்ஜிபி. தாளில் சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மைகளால் நிறம் காட்டுவது சிஎம்ஒய்கே. திரையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் அச்சில் மங்குவது இயல்பு. அச்சில் நிறம் எப்படி வரும் என்பதை விவரிக்கும், அச்சகம் தரும் ஐசிசி புரொஃபைல் என்ற கோப்பைக் கொண்டு படத்தை ஆர்ஜிபியிலிருந்து சிஎம்ஒய்கேவுக்கு மாற்றுங்கள். மூல ஆர்ஜிபி கோப்பைத் தனியே வைத்திருங்கள், ஏனெனில் மாற்றத்தில் இழந்த நிறங்கள் திரும்பா. சிறிய எழுத்துகளுக்குக் கருப்பு மை ஒன்றே போதும். நான்கு மைகளையும் கலந்தால், ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், சற்றே விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிழல் தட்டும்.

தாளின் விளிம்புவரை படம் வர வேண்டுமானால், வெட்டுக்கத்தி சிறிது பிசகினாலும் வெள்ளைக் கோடு தெரியாதபடி நான்கு பக்கமும் பொதுவாக 3 மி.மீ. பிளீட், அதாவது பின்னர் வெட்டி நீக்கப்படும் கூடுதல் ஓரம், விடுவார்கள். 210 × 297 மி.மீ. அளவுள்ள ஏ4 பக்கம் இதனால் 216 × 303 மி.மீ. ஆகும்; 300 பிபிஐக்குத் தேவையான பிக்சல்களும் 2480 × 3508 இலிருந்து ஏறத்தாழ 2551 × 3579 ஆக உயரும். வடிவமைப்பைத் தொடங்கும்போதே இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பின்னர் படத்தை இழுத்துப் பெரிதாக்க நேரும்.

ஜேபெக் கோப்பு, திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது தகவலை இழக்கும்; ஆகவே திருத்தும் காலம் முழுவதும் தகவலை இழக்காமல் சேமிக்கும் டிஃப் வடிவில் வைத்திருந்து, வேலை முடிந்தபின் எழுத்துருக்களை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாக அச்சகத்துக்கு அனுப்புங்கள்.