பழைய கிளினிக் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள்: எம்பசி மெடிக்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன் டவுனில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில், கணவரோ மனைவியோ அமெரிக்காவில் இருக்க, இங்கே விசா இன்டர்வியூவுக்கும், அதற்கு முன் செய்யும் மருத்துவப் பரிசோதனையான எம்பசி மெடிக்கலுக்கும் தயாராகிறவர்களும் உண்டு. அந்த மெடிக்கலில் தடுப்பூசிப் பதிவையும் பார்ப்பார்கள். போன வாரம் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு பிள்ளை, மடிப்புக்கூட விழாத புத்தம்புதிய தடுப்பூசி அட்டையை மேசையில் வைத்தாள். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு அட்டையை என் தங்கச்சி கையில் கொடுத்து அனுப்பியவன் நான்.

பாஸ்போர்ட்டை மறப்பது, போட்டோ அளவு பிழைப்பது, நேரம் பிந்துவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய அட்டையைப் புதிதாக எழுதி வாங்குவது

என் தங்கச்சி 1994இல் பிறந்தவள். அவளுடைய கிளினிக் கார்டை, அதாவது சின்ன வயதில் ஊசி போட்டதைப் பதிந்த அட்டையை, அம்மா ஒரு பிஸ்கட் டின்னில், ஈ.பீ.எஃப். கடதாசிகளோடு சேர்த்து வைத்திருந்தார். கார்டு நாலாக மடித்த இடத்தில் கிழிந்து, பின்பக்கம் தேத்தண்ணிக் கறை. ஊசி போட்ட திகதிகள் ஒன்று நீல மையில், ஒன்று சிவப்பில், மற்றது மங்கிய கறுப்பில். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கையெழுத்து. பெயர் இருந்த இடத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர்.

"இதைத்தானே தம்பி கேட்பாங்க, கொண்டுபோ" என்று அம்மா சொன்னார். அந்தக் கறையும் பெயரும் வெட்கமாக இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. தெரிந்த ஒரு தனியார் டிஸ்பென்சரியில் புது அட்டை வாங்கி, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைப் போட்டு, திகதிகளை எல்லாம் ஒரே பேனையில் பார்த்தெழுதி, சீல் குத்தி எடுத்தேன். பழையதை டின்னிலேயே விட்டுவிட்டேன்.

கொழும்பில் எம்பசி அங்கீகரித்த டொக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "1995இல் எங்கே எம்.எம்.ஆர். போட்டீங்க?" பழைய கார்டில் சின்னமுத்து (மீசில்ஸ்) ஊசி என்று மட்டும் இருந்ததை, எழுதியவர் பழக்கத்தில் எம்.எம்.ஆர். என்று எழுதிவிட்டார். நம் நாட்டுத் தேசியத் திட்டத்தில் சின்னமுத்து ஊசி 1984இல் வந்தது. அதோடு கூவக்கட்டும் (மம்ப்ஸ்) ருபெல்லாவும் சேர்ந்த எம்.எம்.ஆர். 2011இல்தான் வந்தது. 1995இல் ஒரு தோட்டத்துக் குழந்தைக்கு அது கிடைத்திருக்க வழியில்லை. ஒரு வரி பொய்யாகத் தெரிந்ததும் மற்ற எல்லா வரியும் பொய்யாகிவிட்டது. உண்மையாகவே போட்ட முக்கூட்டு (டிப்தீரியா, குக்கல், ஏற்புவலி) ஊசிகள்கூடக் கணக்கில் எடுக்கப்படவில்லை.

தங்கச்சி எல்லா ஊசியையும் முதலிலிருந்து போட்டுக்கொண்டாள். காசு போனதை விடுங்கள். அவளிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டார்கள், அவள் அழுதுகொண்டு எனக்கு போன் எடுத்தாள். ரிப்போர்ட் இன்டர்வியூவுக்கு முன் போய்ச் சேரவில்லை. மெடிக்கல் வரும்வரை என்று எம்பசியில் ஒரு கடதாசியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கினிகத்தேனை, அவிசாவளை வழியாக மறுபடியும் பஸ், மறுபடியும் அறை வாடகை. அவள் கணவர் அங்கே எடுத்திருந்த லீவும் வீணானது. டின்னில் கிடந்த அந்தக் கறைபட்ட கார்டைக் கொடுத்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. இன்றைக்கும் அது என் மனதை அறுக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். டொக்டர் அழகான அட்டையைத் தேடவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் நாள், மாதம், வருடம் உள்ள, கைவைக்காத பதிவைத்தான் தேடுகிறார். வெவ்வேறு மை, வெவ்வேறு கையெழுத்து இருப்பது குறையே இல்லை. வெவ்வேறு வருடத்தில் வெவ்வேறு ஆள் எழுதினார் என்பதற்கு அதுதான் அடையாளம். கிழிந்திருந்தால் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். சிங்களத்திலோ தமிழிலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி, மூலத்தோடு சேர்த்து வையுங்கள். பெயர் வேறாக இருந்தால் கார்டில் திருத்தவே வேண்டாம். பிறந்த திகதியும் அம்மாவின் பெயரும் ஒத்துப்போகிறதென்று காட்டப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசியும் முடித்து வையுங்கள்.

"சிறுவயது ஊசிகள் எல்லாம் போடப்பட்டுள்ளன" என்று யாராவது கொடுக்கும் கடிதமும் இதே கதைதான். திகதி இல்லாத கடிதத்தை நம்பி ஊசியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கார்டே தொலைந்துவிட்டதா? உங்கள் தோட்டம் எந்த எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபீஸுக்குக் கீழே வருகிறதோ அங்கே போய், மருத்துவமாதுவின் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் கேளுங்கள். பாடசாலையில் ஊசி போட்டபோது கொடுத்த துண்டு அட்டை இருந்தாலும் எடுங்கள். பதிவேட்டிலிருந்து எடுத்த பிரதி என்று அதிகாரி எழுதி, கையொப்பமிட்டுத் தருவது வேறு. நான் செய்ததுபோல் ஒருவர் புது அட்டையில் நிரப்பித் தருவது வேறு. எதுவுமே கிடைக்காவிட்டால் "இல்லை" என்றே சொல்லுங்கள். சில நோய்களுக்கு இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி தெரிந்தால் அது போதும், இல்லாவிட்டால் ஊசியைத் திரும்பப் போடுவார்கள். அதனால் கெடுதல் வராது.

திங்கட்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று

எம்.எம்.ஆர். ஊசியும் அம்மை (சிக்கன் பொக்ஸ்) ஊசியும் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். தவறினால் 28 நாள் இடைவெளி வேண்டும். இடையில் போட்டால் இரண்டாவதாகப் போட்டது செல்லாது. முற்கூட்டியே முடித்துவிடலாம் என்று ஒன்றை நுவரெலியாவிலும் நாலு நாள் கழித்து மற்றதைக் கண்டியிலும் போட்டுக்கொண்டு வந்த ஒருவர், காசு கொடுத்துப் போட்ட ஊசியைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. கையில் உள்ள பதிவை முதலில் டொக்டரிடம் காட்டுங்கள், எது குறைகிறதென்று அவர் சொல்வார். சின்ன வயதில் அம்மை நோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், தழும்பைக் காட்டுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால் அம்மை ஊசி தேவைப்படாது.

மூன்று டோஸும் முடியட்டும் என்று காத்திருப்பது

ஹெப்படைட்டிஸ் பீ ஊசி நமது தேசியத் திட்டத்துக்கு வந்தது 2003இல். அதற்கு முன் பிறந்த பலருக்கு அது இல்லை. மூன்று டோஸும் முடிய வழக்கமாக ஆறு மாதம் எடுக்கும். அதற்காக இன்டர்வியூவையே தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. மெடிக்கல் நாளில் போட முடிந்த டோஸைப் போட்டால் போதும், மிச்சத்துக்குக் காலம் போதாதென்று டொக்டர் படிவத்தில் குறிப்பார்.

மெடிக்கலை முந்திச் செய்வது

இன்டர்வியூ கடிதம் வந்த பிறகு செய்யுங்கள். மெடிக்கல் செல்லுபடியாவது பெரும்பாலும் 6 மாதம், சிலருக்கு அதைவிடக் குறைவு. விசாவின் காலமும் அதைத் தாண்டாது. அந்தத் திகதிக்குள் அங்கே போய் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் கடைசி வாரம் வரை இழுக்கவும் வேண்டாம்.

மச்சாள் கொடுத்த லிஸ்ட்

கொவிட் ஊசி 2021 அக்டோபரில் மெடிக்கலுக்குக் கட்டாயமானது, 2025இல் எடுத்துவிட்டார்கள். போன முறை போனவரின் ஊசி லிஸ்டை நம்பாதீர்கள்.

டீ.பீ. (காசநோய்) வந்ததை மறைப்பது

லயத்தில் ஒரு வீட்டுக்கு டீ.பீ. வந்தால் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் பேசும்போது மறைத்ததை மெடிக்கலிலும் மறைக்கத்தான் மனம் வரும். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே உண்டு, பழைய தழும்பு அதில் தெரியும். தெரிந்தால் மூன்று நாள் சளி எடுத்து, கல்ச்சர் (சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவுக்கு எட்டு வாரம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். அப்போது, எந்தெந்த மருந்து எத்தனை மாதம் குடித்து முடித்தீர்கள் என்று செஸ்ட் கிளினிக் அட்டையும் பழைய எக்ஸ்ரேயும் காட்டினால்தான் உங்கள் பக்கம் பலம். குணமான டீ.பீ. விசாவைத் தடுக்காது. பொய் தடுக்கும்.

நாள் தள்ளிப்போயிருப்பதைச் சொல்லாதது

கர்ப்பமாக இருக்கலாம் என்றால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிடுங்கள், பெண் பிள்ளைகளே. வயிற்றை மறைத்து எடுக்கலாம், அல்லது பிரசவத்துக்குப் பிறகு எடுக்கலாம். அது உங்கள் முடிவு. எம்.எம்.ஆரும் அம்மை ஊசியும் கர்ப்பத்தில் போடக்கூடாது. போடாததற்குக் காரணத்தை டொக்டரே எழுதுவார், அதனால் விசா நிற்காது.

ஒட்டிய உறை

மெடிக்கல் ரிப்போர்ட்டை உறையில் ஒட்டிக் கொடுத்தால் பிரிக்காதீர்கள். எக்ஸ்ரே சீடி தந்தால் பிளேனில் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.