முதுகில் கூண்டு வைத்தபின் கட்டிலைவிட்டு எழுவது எப்படி?

முதுகெலும்பு இணைப்பு அறுவை முடிந்தவர்களை எழுப்பி நடக்கவைப்பது என் வேலை. கூண்டு என்பது இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே வைக்கும் சின்னத் தாங்கி. விரியும் வகைக் கூண்டைச் சுருக்கிய நிலையில், டிஸ்க் (எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் தட்டு) இருந்த இடத்துக்குள் நுழைத்து, உள்ளே போனபிறகு திருகி உயர்த்தியிருப்பார்கள். நரம்பை அதிகம் இழுக்காமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் எலும்பு ஒன்றுசேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை முதுகு முறுகக் கூடாது.

மல்லாந்தபடியே நேராக எழாதீர்கள். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருள்வதுபோல ஒருக்களியுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, கீழே இருக்கும் முழங்கையையும் மறு கையையும் ஊன்றி எழுங்கள். உட்கார்ந்ததும் கொஞ்சம் பொறுங்கள், தலை சுற்றலாம். கூட இருப்பவர்கள் பாசத்தில் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள், வேண்டாம். அப்புறம், சிகரெட்டை விட்டுவிடுங்கள். எலும்பு சேர்வதை நிகோடின் கெடுக்கும்.